அக்டோபர் காட்டில் கடைந்து தீ எடுக்க முடியுமா? பழைய முகாமுக்குத் திரும்பிப் போய் எழுதிய குறிப்புகள்

வாசகர் ஒருவர் கேட்டது, செப்டம்பர் 28

"கோடையில் வில்லும் கோலும் வைத்து மூன்று தடவை தீ எடுத்திருக்கிறேன். ஆனால் இலையுதிர் காலத்தில், கனடாவின் ஒன்டாரியோ காட்டில் இது நடக்காத காரியம். காடே நனைந்து கிடக்கும்போது கட்டையைக் கட்டையோடு தேய்த்து என்ன வரப்போகிறது? அக்டோபரில் போகிறவர்கள் லைட்டரோடு போங்கள். முடியும் என்பவர்கள் செய்துவிட்டு வந்து பேசுங்கள்."

செப்டம்பர் 28, இரவு

முடியும். நின்றபடியே செத்துக் காய்ந்த சிடார் மரம் ஒன்று கிடைத்தால் போதும். மேலே எவ்வளவு நனைந்தாலும் உள்ளே காய்ந்துதான் இருக்கும். பிளந்து, நடுக்கட்டையிலிருந்து வில் நாணால் சுழற்றும் கோலும் அது உராயும் பலகையும் செதுக்கிக்கொள்ளலாம். போன அக்டோபரில் பீட்டர்பரோவுக்கு வடக்கே, தெரிந்த ஒருவரின் காட்டு நிலத்தில் கழிகளால் ஒரு சாய்ப்புக் கூரை கட்டி முகாம் போட்டோம், அதை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் அதே இடத்துக்குத் திரும்பப் போகிறேன். செய்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

செப்டம்பர் 30

நேற்று முன்தினம் வேகத்தில் எழுதிவிட்டேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். போன வருடம் அந்த முகாமில் தீ மூட்டியது ஃபெரோ ராடை, அதாவது உரசினால் பொறி பறக்கும் உலோகக் கோலை, உரசித்தான், கடைந்து அல்ல. நான் கடைந்து எடுத்த தீயெல்லாம் ஜூலையிலும் ஆகஸ்டிலும் எடுத்தது. "உள்ளே காய்ந்துதான் இருக்கும்" என்பது கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது. என் கை இன்னும் அதைச் செய்ததில்லை.

அக்டோபர் 2

"அரசு நிலத்தில் இப்படிச் சாய்ப்பு கட்டி விட்டுவிட்டு வரலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. ஒன்டாரியோவின் அரசு நிலத்தில், கனடாவில் வசிப்பவர்கள் ஓர் இடத்தில் வருடத்துக்கு 21 நாள் வரை கட்டணமில்லாமல் தங்கலாம். கிளம்பும்போது எதையும் விட்டு வரக்கூடாது. நாங்கள் கட்டியது தனியார் நிலத்தில், நிலத்துக்காரரே கூட நின்று கட்டியது. அவர் வவுனியாக்காரர். தன் காட்டில் ஒவ்வொரு மரமும் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அக்டோபர் 11, சனி, முகாமில் நோட்டில் எழுதியது

மூன்று நாளாக விட்டுவிட்டு மழையாம். இன்று வானம் வெளுத்திருக்கிறது, தரை சொதசொதவென்று கிடக்கிறது. மேப்பிள் இலைகள் பாதிக்கு மேல் கொட்டிவிட்டதால் போன வருடம் நடந்த தடம் தெரியவில்லை. இரண்டு பெரிய ஹெம்லாக் மரங்களை அடையாளம் வைத்துத்தான் வந்து சேர்ந்தேன்.

சாய்ப்பு நிற்கிறது, ஆனால் முழுசாக இல்லை. முகட்டுக்கழி சிடார். தட்டினால் கணீரென்கிறது, ஒரு குறையும் இல்லை. குறுக்கே கட்டிய மேப்பிள் கழிகளில் இரண்டு நடுவில் இற்றுப்போய், விரலால் அழுத்தினால் பஞ்சு போல அமுங்குகின்றன. அன்று எல்லாவற்றையும் ஒரே பருமனாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வெட்டினோம். என்ன மரம் என்று பார்க்கவில்லை. ஈரம் படும் இடத்தில் மேப்பிள் சீக்கிரம் உளுத்துவிடும், சிடார் வருடக்கணக்கில் தாங்கும். தெரிந்த விஷயம்தான். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் தொட்டுப் பார்த்தபோதுதான் மனதில் பதிந்தது.

கட்டுகளிலும் அதே கதை. கடையில் வாங்கிய சணல் கயிறு கை பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கயிறு தீர்ந்துபோய், வேறு வழியில்லாமல் ஸ்ப்ரூஸ் வேரைத் தோண்டி, தோலுரித்து, இரண்டாகப் பிளந்து நான்கு இடத்தில் கட்டியிருந்தோம். அந்த நான்கு கட்டும் கம்பி போல இறுகி நிற்கின்றன. பிர்ச் பட்டைப் படகுகளை இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் தைத்ததும் இந்த வேரால்தான். இனி சணல் வாங்கமாட்டேன்.

போன தடவை விட்டுப் போன மரச் சுத்தியலின் கைப்பிடியை முள்ளம்பன்றி கடித்துத் தின்றிருக்கிறது. பிடித்த இடம் மட்டும் பாதியாகக் குறைந்து, பல் தடம் வரிவரியாகத் தெரிகிறது. தலைப்பக்கம் தொடவே இல்லை. கையின் வியர்வையில் இருக்கிற உப்புதான் காரணம். இந்த ஊர் முள்ளம்பன்றிக்கு உப்பு என்றால் உயிர். கோடரிக் காம்பு, துடுப்பு எதையும் விட்டுவைக்காது.

சாமானை இறக்கப் போனேன். நிலத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, அந்த ஆஷ் மரத்துக்குக் கீழ படுக்காதேங்கோ" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். போன வருடம் உச்சியில் கொஞ்சம் இலையோடு நின்ற மரம் இப்போது முழுக்கச் செத்துவிட்டது. பட்டை உரிந்த இடத்தில் புழு தின்ற தடம் பாம்பு ஊர்ந்தது போல வளைந்து வளைந்து போகிறது. 2002-இல் விண்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பச்சை வண்டின் வேலை. அது ஆசியாவிலிருந்து வந்த வண்டு. அதற்குப் பிறகு இந்த மாகாணத்தின் ஆஷ் மரங்கள் ஊர் ஊராகச் செத்துக்கொண்டிருக்கின்றன. செத்த ஆஷ் சீக்கிரம் படக்கென்று முறியும் பதத்துக்கு வந்துவிடும், காற்றே இல்லாத நாளில்கூடக் கிளை விழும். அதனால் தார்ப்பாயை நாற்பது அடி தள்ளிக் கட்டினேன். பழைய முகாமுக்குப் போகிறவர்கள் முதலில் தலைக்கு மேலே பாருங்கள். இடம் பழையதாக இருக்கலாம், மரம் போன வருடத்து மரம் இல்லை.

சரி, தீ. நின்றபடி செத்த சிடார் ஒன்றை அறுத்து, பிளந்து, கட்டைவிரல் பருமனில் ஒரு சாண் கோலும் விரல் கனத்தில் பலகையும் செதுக்கினேன். இளம் மேப்பிளில் வில். மேலே பிடிக்கும் கட்டையில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஒன்றைப் பதித்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஆசாரி கயிறு சுற்றித் துளை போடும்போது கோலின் தலையில் சிரட்டையை வைத்துத்தான் அழுத்துவார். அது வழுவழுவென்று சுற்றும், சூடும் ஏறாது. சிரட்டை ஸ்கார்பரோ கடையில் வாங்கிய தேங்காயுடையது.

இரண்டரை மணி நேரம் முயன்றேன். புகை வந்தது. தூள் வந்தது. ஆனால் தூள் பொடியாக விழாமல் சேமியா போலச் சுருண்டு சுருண்டு வந்தது, நிறமும் வெளிர். காய்ந்த கட்டையின் தூள் வறுத்த காப்பிப் பொடி மாதிரி கருத்து, மெல்லியதாக, பலகை ஓரத்தில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் குவிய வேண்டும். அது கடைசிவரை வரவில்லை. தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஆறரைக்கெல்லாம் இங்கே பொழுது சாய்ந்துவிடும். ஐந்தே முக்காலுக்கு நிறுத்திவிட்டு, பிர்ச் பட்டையைச் சுரண்டி ஃபெரோ ராடால் பற்றவைத்தேன். முதல் பொறியிலேயே பிடித்துக்கொண்டது. நனைந்த பட்டைதான், ஆனாலும் அதிலிருக்கிற எண்ணெய்ப்பசை எரியும்.

கேள்வி கேட்டவருக்கு: இன்றைய நிலவரப்படி நீங்கள் சொன்னதுதான் சரி.

அக்டோபர் 12, காலை

இரவு நல்ல குளிர். காய்ந்த இலையை முழங்கால் உயரம் குவித்துப் படுத்தேன், விடியும்போது நான்கு விரல் உயரம்கூட இல்லை. தரையின் சில்லிப்பு முதுகில் ஏறிவிட்டது. அதைப் போல மூன்று மடங்கு இலை சேர்த்திருக்க வேண்டும், ஓரத்தில் இரண்டு கட்டையைப் போட்டு இலை நழுவாமல் தடுத்திருக்க வேண்டும்.

ஆனால் தீ அணையவில்லை. தூங்கும் முன் கங்குகளை ஒன்றாகத் தள்ளிச் சாம்பலால் மூடினேன். காலையில் கிளறியதும் சிவப்பாக இரண்டு கண் விழித்துப் பார்த்தன. அப்பத்தா தினமும் செய்வார். ராத்திரி அடுப்பில் ஒரு வறட்டியைச் செருகிச் சாம்பலைப் போட்டு மூடினால் விடியற்காலையில் தீப்பெட்டி தேவைப்படாது. என் கைக்கு அது இத்தனை வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

அக்டோபர் 12, மாலை

வந்துவிட்டது. கடைந்தே வந்தது.

நேற்று எங்கே தப்பு என்று காலையில் அந்த சிடார் அடிமரத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். மரம் நின்றபடி செத்ததுதான். ஆனால் உச்சி ஒடிந்து, அந்த வாயிலிருந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அடிப்பக்கத்து இரண்டு முழம் முழுக்க ஈரம். நான் அந்த அடிப்பக்கத்திலிருந்துதான் கோல் செதுக்கியிருக்கிறேன். எனவே 28-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். நின்று செத்தது என்பது மட்டும் போதாது. உச்சி மூடியிருக்க வேண்டும், கட்டையை இடுப்புக்கு மேலிருந்து எடுக்க வேண்டும். பிளந்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது. கை ஏமாறும், கன்னமும் உதடும் ஏமாறாது.

இன்னொரு சிடார், சாய்ந்து வேறொரு மரத்தின்மேல் தாங்கி நின்றது. அதன் நடுப்பகுதியை எடுத்தேன். அதிலும் கொஞ்சம் சில்லிப்பு இருந்ததால் புதுக் கோலையும் பலகையையும் மதியம்வரை சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டே விறகு பொறுக்கினேன். பிறகு தணலுக்கு எட்டடி தள்ளி அரை மணி நேரம் காட்டினேன்.

பற்றவைக்கும் கூட்டுக்கு, சிடாரின் உள்பட்டையைக் கையில் தேய்த்து நாராக்கி, அதற்குள் பீச் மரக் கன்றின் இலைகளை நொறுக்கிப் போட்டேன். இதை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற மரங்களில் பெரும்பாலானவை இலையைக் கொட்டிவிடும், இளம் பீச் காய்ந்த இலையைக் குளிர்காலம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும். தரையில் கிடக்கும் இலை ஊறிக்கிடக்கும்போது, காற்றில் தொங்கும் இந்த இலை அரை நாள் வெயிலில் அப்பளம் போல ஆகிவிடுகிறது. ஹெம்லாக்கின் அடிக்கிளைகளில் செத்த பென்சில் குச்சிகள் இருக்கும். மேல்கிளைகள் குடை பிடிப்பதால் அவையும் அதிகம் நனையாது. ஒடித்தால் சத்தம் வர வேண்டும்.

மாலை நாலு மணி. இடது காலால் பலகையை மிதித்து, மணிக்கட்டை முழங்காலோடு ஒட்டவைத்து, முதலில் மெதுவாக, நீள நீளமாக இழுத்தேன். குழிக்குள் கருப்பு ஏறியது. காடி வழியே தூள் விழுந்தது, இன்று சேமியா இல்லை, பொடி. கருத்த பழுப்பு. காடியின் வாய் நிரம்பியதும் வேகத்தைக் கூட்டினேன், மேலே அழுத்தத்தையும் கூட்டினேன். புகை வெள்ளையாக, கெட்டியாக வந்தது. நிறுத்தினேன். கோலை எடுத்த பிறகும் தூள் குவியலிலிருந்து ஒரு நூல் புகை தானாக மேலே போய்க்கொண்டிருந்தது. அதுதான் அடையாளம். ஊதவில்லை, கையால் லேசாக விசிறினேன். குவியலின் நடுவில் கடுகளவு சிவப்பு. அது மிளகளவு பெருகும்வரை காத்திருந்து, கூட்டுக்குள் கொட்டி, மூடி, மூஞ்சிக்கு நேரே தூக்கி நீளமாக ஊதினேன். எட்டாவது ஊதலில் குப்பென்று பற்றியது.

கண்ணில் தண்ணீர் வந்தது. புகையால் மட்டும் இல்லை.

அக்டோபர் 13, கிளம்பும் முன்

இலையுதிர் காலத்தில் தீயை அணைப்பதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். தரை ஈரமாக இருக்கிறதே என்று விடாதீர்கள். மேலே நனைந்த இலை, அதற்குக் கீழே மக்கிய இலைப்படுகை, அதற்குள் வேர். தீ அந்த வேரைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் புகைந்து வேறோர் இடத்தில் தலைகாட்டும். நான் மண் தெரியும்வரை கூட்டிவிட்டுத்தான் தீ போட்டேன். இப்போது மூன்று வாளி தண்ணீர், நடுநடுவே கிளறல், கடைசியில் உள்ளங்கையைச் சாம்பலுக்குள் விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

மிச்ச விறகை வண்டியில் ஏற்றவில்லை. ஆஷ் வண்டு தொலைதூரத்துக்குப் பரவுவது பெரும்பாலும் விறகோடு பயணம் செய்துதான். காட்டு விறகு காட்டிலேயே இருக்கட்டும்.

அக்டோபர் 14

ஹெம்லாக் என்று எழுதியதைப் பார்த்துப் பதறி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சாக்ரடீஸ் குடித்த விஷம்தானே அது?" இல்லை. அது கேரட் குடும்பத்துச் செடி. நான் சொல்வது ஊசியிலை மரம், பெயர் மட்டும் ஒன்று. இந்த மரத்தின் ஊசியிலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பார்கள், நானும் குடித்தேன். ஆனால் ஒரு எச்சரிக்கை: அதே காட்டில் தரையோடு படர்ந்து வளரும் கனடா யூ புதரின் இலையும் ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும். அது கொடிய விஷம். இரண்டையும் உறுதியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் வீட்டிலிருந்து டீத்தூள் எடுத்துப் போங்கள்.

அக்டோபர் 15

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார்: "தணலில் காட்டிக் காயவைத்த கட்டையில் தீ எடுத்தது கணக்கில் வராது. தீ இருந்ததால்தான் தீ வந்தது."

நியாயமான பேச்சு. தணல் இல்லாமல் வயிற்றுச் சூடு மட்டும் போதுமாக இருந்திருக்குமா என்று நான் சோதிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தேன்.

யோசிக்கும்போது ஔவையார் அதியமானைப் பற்றிப் பாடியது ஞாபகம் வந்தது, புறநானூறு 315. அதியமான் தன் ஆற்றலை வெளிக்காட்டாமல் இருக்கவும் வல்லவன், வேண்டும்போது எரியும் தீயாகத் தோன்றவும் வல்லவன் என்பார். அதற்கு உவமை வீட்டுக் கூரையின் இறப்பில் செருகி வைத்த ஞெலிகோல். ஞெலிகோல் என்றால் தீக்கடைகோல். பள்ளியில் படித்தபோது வீரத்தைப் பற்றிய உவமையாக மட்டும் தெரிந்தது. இப்போது எனக்குக் கண்ணில் நிற்பது அந்தக் கூரை இறப்புதான். எங்கள் பக்கத்தில் எரவாணம் என்போம். கூரையின் தாழ்ந்த ஓரம், அரிவாளும் சீப்பும் செருகி வைக்கிற இடம். மழை படாது, கீழே அடுப்புப் புகை தினமும் படும். கடைகோலை வைக்க அதைவிட நல்ல இடம் வேறு ஏது? அந்த வீட்டுக்காரர்கள் தேவை வந்தபோது காட்டுக்கு ஓடிக் கட்டை தேடவில்லை. காய்ந்த கோல் முன்கூட்டியே வீட்டில் இருந்தது.

ஆகவே என் பதில்: முன்பு எரிந்த தீயின் சூட்டில் அடுத்த தீயின் கோலைக் காயவைப்பது கடைவதின் ஒரு பகுதிதான். கணக்கில் வரும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஈரக் காட்டுக்குள் வெறுங்கையோடு நுழைந்த முதல் நாளே எடுத்துவிடலாம் என்று இனி சொல்லமாட்டேன்.

அக்டோபர் 17

இன்னொருவர் கங்குகளைச் சாம்பலால் மூடி வைத்ததைப் பற்றிக் கேட்டதால் இது. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, 5,000 வருடத்துக்கு முந்திய மனிதர் ஊட்ஸியிடம் பிர்ச் பட்டையில் செய்த கலயம் ஒன்று இருந்தது. அதற்குள் மேப்பிள் இலைகளும் கரித்துண்டுகளும். கங்குகளைப் பச்சை இலையில் பொதிந்து எடுத்துப் போயிருக்கிறார். தீப்பற்ற வைக்கும் குளம்புக் காளானும் அவரிடம் இருந்தது. நான் போய் வந்த காட்டிலும் செத்த பிர்ச் மரங்களில் அதே காளான் குதிரைக் குளம்பு போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த தடவை கங்குகளைப் பொதிந்து தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறேன். ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து தேங்காய் மட்டையில் கங்கு வாங்கி வந்த பெண்களுக்கு இது புதுசாக இருக்காது.

அக்டோபர் 18

விட்டுப்போனது: குளிர் வந்துவிட்டது, உண்ணி இருக்காது என்று நினைக்காதீர்கள். லைம் நோயைப் பரப்பும் கறுப்புக்கால் உண்ணியில் முழுதாக வளர்ந்தவை இந்த மாதங்களிலும் அலையும். வீட்டுக்கு வந்து பார்த்தபோது என் முழங்கால் மடிப்பில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது, இன்னும் கடிக்கவில்லை.

பிர்ச் பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயிரோடு இருக்கும் மரத்தில் உரிக்காதீர்கள். விழுந்த பிர்ச்சின் உள்ளே மரம் மக்கிக் குழைந்த பிறகும் பட்டை குழாய் போல அப்படியே கிடக்கும். அதை எடுங்கள். விக்வாஸ் என்று பட்டைக்குப் பெயர் வைத்த அனிஷினாபே மக்கள்கூடப் பட்டை தானாகக் கழன்று வரும் கோடைத் தொடக்கத்தில்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். அக்டோபரில் உரித்தால் மரத்தின் உள்தோலும் சேர்ந்து கிழியும்.

அக்டோபர் 26

ஒரு பகல் மட்டும் போய் வந்தேன். நவம்பர் தொடக்கத்தில் மான் வேட்டைக் காலம், துப்பாக்கிகள் வந்துவிடும். அதற்கு முன்னால் சாய்ப்பை முடித்துவிட வேண்டும் என்று நிலத்துக்காரர் அவசரப்பட்டார். அந்தச் செத்த ஆஷ் மரத்தை அவர் ஆள் வைத்துச் சாய்த்துவிட்டார், விறகு அங்கேயே அடுக்கியிருக்கிறது. இற்ற மேப்பிள் கழிகளை எடுத்துவிட்டு சிடார் போட்டோம். எல்லாக் கட்டும் ஸ்ப்ரூஸ் வேர். 2019-இல் மறைந்த கனடாவின் காட்டுக்கலை ஆசான் மோர்ஸ் கோச்சான்ஸ்கி ஒரே குச்சியில் விதவிதமான வெட்டுகளைச் செதுக்கிப் பழகச் சொல்வார். வேர் ஊறும் நேரத்தில் அப்படி ஒரு குச்சி செதுக்கினேன். ஏழு வெட்டில் இரண்டு கோணல். காடி வெட்டு மட்டும் சுத்தமாக வந்திருக்கிறது.

வீட்டில் இரண்டு வாரம் காயவைத்த சிடார் கோல் ஒன்று, பலகை ஒன்று, பிர்ச் பட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். சாய்ப்பின் கூரை தாழும் ஓரத்தில், உள்பக்கமாக, முகட்டிலிருந்து இறங்கும் இரண்டு கழிகளுக்கு நடுவே செருகி வைத்துவிட்டு வந்தேன். மே மாதம் பனி போன பிறகு எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன்.

கேள்வி கேட்டவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் லைட்டர் கொண்டு வரட்டும், நானும் கொண்டு வருவேன். சிரட்டை பதித்த மேல்பிடியை மட்டும் அங்கே விடவில்லை. அதில் என் கை வியர்வை ஊறியிருக்கிறது, முள்ளம்பன்றி விடாது.